உபதேசியாரின் கையொப்பம்

"செத்தவர் பேரைச் சொல்லிக் காசு வாங்கித்தான் நாங்க பிழைக்கணுமா, சாமி?" என்று அந்தத் தாய் நம்மிடம் கேட்டபோது, அக்கேள்வியில் இருந்த மானத்தைக் கண்டு நாம் உருகிப்போனோம். "வேண்டாம் அம்மா, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று விடையும் பகர்ந்தோம். அவ்விடை தவறானது என்று உணர நமக்குப் பதினோரு மாதங்கள் ஆயின.

2015-ஆம் ஆண்டு மழைக்காலம். கிளைக் கிராமமொன்றில் மாலைச் செபத்தை முடித்துவிட்டு மிதிவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார் நமது உபதேசியார். பின்னால் வந்த கார் மோதியது. அரசு மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. வயது 44. வயோதிகத் தாய், மனைவி, பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காரை ஓட்டிய இளைஞர் வீடு தேடி வந்து திண்ணையில் அமர்ந்து அழுதார். "போப்பா, உன்மேல எங்களுக்குக் கோபமில்லை" என்று அந்தத் தாய் அனுப்பிவைத்தார். அடுத்த ஞாயிறு மறையுரையில் இதனை எடுத்துப் பேசினோம். பங்கே கண்ணீர் சிந்தியது. மன்னித்தவர் வழக்குப் போடுவதாவது என்று நாமும் எண்ணினோம், பிறரும் எண்ணினர்.

மன்னிப்பு பள்ளிக் கட்டணத்தைக் கட்டவில்லை. உபதேசியார் ஓய்வு நேரத்தில் தைத்துவந்த தையல் இயந்திரம் அடகுக்குப் போயிற்று. நீதிமன்றத்தில் எழுத்தராயிருந்து ஓய்வுபெற்ற பங்கு மக்களுள் ஒருவர் அப்போதுதான் நம்மைத் தனியே சந்தித்துச் சற்றுக் கடிந்தே பேசினார். "சுவாமி, அந்தப் பையனிடமா கேட்கச் சொல்கிறேன்? இப்படி ஒருவர் இறந்தால் கொடுப்பதற்கென்றே அவன் கம்பெனிக்குப் பணம் கட்டியிருக்கிறான். கொடுக்க வேண்டியவன் கொடுக்காமல் வைத்திருக்கிறான், நீங்களோ மன்னித்தாயிற்று என்கிறீர்கள்" என்றார்.

அவர் சொன்னது சரியே. சாலையில் ஓடும் எந்த வாகனமும் பிறருக்கு விளைவிக்கும் தீங்கிற்காகக் காப்பீடு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்னும் விதி, 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 1946-இலேயே நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இத்தகைய வழக்குகளை மட்டும் விசாரிக்கும் தீர்ப்பாயங்களுக்கு 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. 1989 சூலை முதல் நடைமுறையிலுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விரண்டையும் தொடர்கிறது. ஓட்டியவரைச் சிறையிடும் குற்ற வழக்கு வேறு, இது வேறு. ஐயத்திற்கிடமின்றி எண்பிக்க வேண்டிய கட்டாயமும் இங்கில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்று நடுநிலையாளர் ஒருவர் நம்பும் அளவுக்குச் சான்று இருந்தால் போதும்.

2016-இல் மனுத் தாக்கலாயிற்று. காலம் கடந்ததென்று எவரும் சொல்லவில்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் கால வரம்பை நீக்கியிருந்தது நமது நல்வினை. 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு மாத வரம்பு மீண்டும் வந்துள்ளது. நாம் கொடுத்தது போன்ற அறிவுரையை இன்று எவரேனும் கொடுத்தால் அதன் விலை என்னவாகும் என்று நினைத்தாலே நடுக்கம் உண்டாகிறது.

கம்பெனி தன் எதிருரையில் இரண்டு செய்திகளைச் சொல்லிற்று. உபதேசியார் பின்னால் பாராமல் திடீரென வலப்பக்கம் திரும்பினார் என்பது ஒன்று. இதனைக் காவல் துறையின் பார்வை மகஜரும் வரைபடமுமே முறித்துவிட்டன. உடைந்த கண்ணாடியும் மிதிவண்டியும் கிடந்த இடம் சாலையின் இடது ஓரம். (வாகனம் வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் உரிமச் சீட்டின் தேதியை இன்றே பார்த்துக்கொள்வது நலம். உரிமம் செல்லாததாயின், கம்பெனி இறந்தவர் குடும்பத்திற்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வழியுண்டு என்பது 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய நிலை. நமது வழக்கில் அந்த இளைஞரின் உரிமம் சரியாக இருந்தது.)

இரண்டாவது செய்திதான் நம்மைக் கூண்டில் ஏற்றியது. இறந்தவரின் வருமானத்திற்குச் சான்று ஏது?

ஒரு மாலை, விதவையின் தமையனார் பங்கு இல்லத்திற்கு வந்தார். மாதம் 15,000 ரூபாய் கொடுத்ததாகக் கோவில் முத்திரையுடன் ஒரு சீட்டு எழுதித் தரவேண்டும் என்றார். நாம் கொடுத்துவந்தது 6,000. மறுத்தோம். அவர் கோபப்படவில்லை. "நீங்க எழுதுற பொய்யால கோவிலுக்கு நட்டமில்லை, சாமி. எழுதாத பொய்யால இந்தப் பிள்ளைகளுக்கு நட்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. ஆணையிட்டுப் பொய் சொல்வது பாவம் என்பதில் நமக்கு ஐயம் எழவில்லை. உறுத்தியது வேறொன்று. பொய்யை நாடும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது அந்த 6,000 அல்லவா?

கம்பெனியின் வக்கீல் மரியாதை தவறாமல் குறுக்கு விசாரணை செய்தார்.

"எத்தனை ஆண்டுகள் உங்களிடம் பணி செய்தார், ஃபாதர்?"

"இந்தப் பங்கில் பதினெட்டு ஆண்டுகள்."

"பதினெட்டு ஆண்டுகள் பணி செய்தவருக்கு மாதம் 6,000 தானா?"

"ஆம்."

"அதைப் பெற்றுக்கொண்டதாக அவர் கையொப்பம் உண்டா?"

பேரேட்டில் நம் கைப்பட எழுதிய வரிதான் இருந்தது. கையொப்பம் இல்லை. "இல்லை" என்றோம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு நேரமாகும் என்று நாம் எண்ணியதில்லை.

தையல் வருமானத்தைக் காப்பாற்றியது பள்ளித் தலைமையாசிரியை ஒருவரின் குறிப்பேடு. சீருடை தைக்கக் கொடுத்த கூலியை அவர் தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். குருவிடம் இல்லாத ஒழுங்கு ஆசிரியையிடம் இருந்தது.

இதனிடையே மக்கள் நீதிமன்றத்தில் கம்பெனி 6 லட்சம் தர முன்வந்தது. அங்கே ஏற்றுக்கொண்டால் அதுவே முடிவு, மேல்முறையீடு கிடையாது. பணமும் விரைவில் கைக்கு வரும். வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா என்று நம் நாவு துடித்தது. முன்னர் ஒருமுறை பேசிக் கெடுத்ததால் இம்முறை வாய் திறக்கவில்லை. அந்தத் தாயே தம் வக்கீலிடம் கணக்கைக் கேட்டறிந்து, "வேண்டாம், தீர்ப்பே வரட்டும்" என்றார். மானத்தோடு கேட்ட அதே குரல்தான்.

2019 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அக்கணக்கை வாசகர்கள் அறிந்திருத்தல் பயனுடையது. ஏனெனில் இது நீதிபதியின் மனப்போக்கில் அமைவதன்று. கோவில் கொடுத்த 6,000, தையலுக்கு 4,000, ஆக மாதம் 10,000 என்று கொள்ளப்பட்டது. சொந்தத் தொழிலிலோ நிலையான சம்பளத்திலோ இருந்து 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வயதில் இறந்தவருக்கு, எதிர்கால உயர்வாக நூற்றுக்கு 25 சேர்க்க வேண்டும் என்பது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கின் தீர்ப்பு. ஆக 12,500. நால்வர் அவரை நம்பியிருந்தமையால், அவருடைய சொந்தச் செலவாகக் கால் பங்கு கழிய 9,375. ஆண்டுக்கு 1,12,500. அவ்வயதிற்குப் பெருக்க வேண்டிய எண் 14 என்பது 2009-இல் சர்லா வர்மா வழக்கில் வகுக்கப்பட்டது. ஆக 15,75,000. துணையையும் தந்தையையும் மகனையும் இழந்ததற்காக நால்வருக்கும் தலைக்கு 40,000, அடக்கச் செலவு முதலியவற்றிற்கு 30,000. மொத்தம் 17,65,000 ரூபாய். மனுச் செய்த நாள்முதல் ஏழரை சதவீத வட்டி.

நாம் 15,000 என்று எழுதி அது நம்பப்பட்டிருந்தால், வருமானக் கணக்கு ஏறத்தாழ இருமடங்காகியிருக்கும். இதனைத் தமையனார் நமக்கு முன்பே கணக்கிட்டுவிட்டார் போலும். தீர்ப்பு நாளன்று வணக்கம் சொன்னார், பேசவில்லை.

கம்பெனி மதுரைக்கு மேல்முறையீடு சென்றது. 2021-இல் அது தள்ளுபடியாயிற்று. பிள்ளைகளின் பங்கு அவர்கள் பதினெட்டு வயதை எட்டும்வரை வங்கியில் வைப்பாக இருக்கும்படி ஆணை. விதவைகளும் சிறுவர்களும் பெற்ற பணத்தை உற்றார் கரைத்துவிடாதபடி, கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. உற்றார் என்னும் சொல்லில் பங்குத்தந்தையரும் அடங்குவர் என்றே கொள்கிறோம். கோவில் கோபுரத்திற்கு ஒரு பங்கு தரச் சொல்லலாமே என்று நம்மிடம் கூறியவர்களும் இருந்தனர்.

தையல் இயந்திரம் திரும்பி வந்துவிட்டது. மூத்த மகள் செவிலியர் படிப்பை முடித்துவிட்டாள்.

இப்போதைய உபதேசியார் மாதந்தோறும் முதல் தேதியன்று சீட்டில் கையொப்பமிடுகிறார். கோவில் பிள்ளையும் சமையற்கார அம்மாவும் அவ்வாறே. உபதேசியாருக்குத் தொகை எவ்வளவு என்று கேட்கும் வாசகர்களுக்கு: 12,000. அது போதாது என்று அவரும் சொன்னார், சென்ற வாரம் நிதிக்குழுவில் நாமும் சொன்னோம். அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.