பழைய பிக்கப் வண்டிகளில் காற்றளவு, டீசல் அழுத்தக் கோளாறுகளை அறியும் முறை

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஆகிய மானாவாரிப் பிரதேசங்களில், முன்னாளில் மாட்டு வண்டி செய்துவந்த வேலையைப் பெரும்பாலும் இந்நாளில் பிக்கப் வண்டி செய்துவருகின்றது. பருத்தி, மிளகாய், மல்லி, சீமைக்கருவேல் கரி, சந்தைக்குரிய ஆடுகள் யாவும் அதிலேயே செல்கின்றன. பாரத்துடன் புறப்பட்ட வண்டி நடுவழியில் இழுவை குன்றி நின்றால் அன்றைய சந்தை தவறிப்போகும். அதனினும் பெரிய நஷ்டம், கோளாறு இன்னதென்று அறியாமல் விலையுயர்ந்த பம்பையும் இன்ஜெக்டர்களையும் மாற்றுவதனால் உண்டாவதாகும்.

பயிர் மஞ்சளிப்பது எருக் குறைவினாலும் நேரலாம். நீர் தேங்குவதனாலும் நேரலாம். வேரைப் பார்க்காமல் எருவிடுபவன் பணத்தை இழப்பான். என்ஜினும் அத்தகையதே. இழுவைக் குறைவு என்பது ஓர் அறிகுறியேயன்றி நோயன்று. காற்றுக் குறைவா, டீசல் குறைவா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

பழைய வண்டிகளுள் இருவகை உண்டு. முழுவதும் இயந்திர பம்பினால் இயங்குபவை ஒரு வகை. இவற்றில் சென்ஸார்கள் இல்லை. 2017-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் நாடெங்கும் அமுலுக்கு வந்து, 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்துடன் முடிவுற்ற பி.எஸ். 4 விதியின்படி அமைந்த காமன் ரெயில் வண்டிகள் மற்றொரு வகை. இக்கட்டுரை பின்னவற்றைப் பற்றியதே.

காற்று வழி

2.5 லிட்டர் கொள்ளளவுள்ள என்ஜின், நிமிஷத்திற்கு 800 சுற்று வீதம் நின்ற இடத்தில் ஓடும்போதே நிமிஷந்தோறும் ஏறக்குறைய 1,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகின்றது. கரிசல் புழுதியும் கரித்தூளும் நிறைந்த பாதையில் அக்காற்றுடன் எவ்வளவு தூசி செல்லும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஏர் பில்டரை அடுத்துள்ள காற்றளவு சென்ஸாரில் மின்சாரத்தால் சூடேற்றப்பட்ட மெல்லிய தகடு ஒன்று உண்டு. காற்று அதைக் குளிரச்செய்யும் அளவைக்கொண்டு உட்செல்லும் காற்றின் எடை கணிக்கப்படுகின்றது. தகட்டில் தூசி படிந்தால் அது குளிர்வது குறையும். மின்னணுப் பெட்டி, காற்றுக் குறைவென்று எண்ணி டீசலைக் குறைத்துவிடும். அப்பொழுது வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் மேட்டில் புகையின்றி மந்தமாக ஏறும். இதற்கு மாறாகக் கரும்புகையும் சீழ்க்கை போன்ற ஒலியும் காணப்பட்டால், டர்போவுக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஓஸ் கிழிந்திருக்கலாம். அளக்கப்பட்ட காற்று வெளியேறிவிடுகின்றது.

ஆகையால் முதலில் பில்டர், ஓஸ், கிளிப்புகள், சென்ஸாரின் ஒயர்ச் சொருகி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிழிந்த காகித பில்டரை உபயோகிக்கலாகாது; அதைக் கழுவவும், எண்ணெய் பூசவும் கூடாது. பின்னர், சாவியை நிறுத்திச் சென்ஸாரின் சொருகியைக் கழற்றி, சற்றுத் தூரம் ஓட்டிப் பார்க்கலாம். எச்சரிக்கை விளக்கு எரியும்; ஆயினும் வண்டி முன்னிலும் நன்றாக இழுத்தால் சந்தேகம் சென்ஸார் மீதே விழும். அதைத் துணியாலோ பிரஷினாலோ தொடாமல், அதற்கென்றே விற்கப்படும் தெளிப்பு மருந்தினால் கழுவி, நன்கு உலர்ந்தபின் பொருத்த வேண்டும்.

டீசல் வழி

டாங்கியிலிருந்து டீசல், நீரைப் பிரிக்கும் பில்டர் வழியாக உயர் அழுத்த பம்பை அடைந்து, ரெயில் குழாயில் சேர்கின்றது. ஸ்டார்ட் ஆவதற்கே ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். முழுப் பாரத்தில் பல என்ஜின்களில் இது 1,600 பார் வரை உயரும். பாரவண்டியின் டயரிலுள்ள காற்று 4 அல்லது 5 பார்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

காலையில் நெடுநேரம் சுழற்றியபின் ஸ்டார்ட் ஆவதும், பாரத்தில் திடீரென்று நின்றுபோவதும் டீசல் அழுத்தக் குறைவின் அடையாளங்கள். ஸ்கேனர் கருவியில் பி 0087 என்ற குறியீடு தோன்றினால் ரெயில் அழுத்தம் குறைவு என்று பொருள். பம்பு கெட்டது என்று பொருளன்று. அவ்வாறே பி 0101 என்பது காற்றளவு பொருந்தவில்லை என்பதை மட்டும் கூறும்.

தூர ஊர்களிலிருந்து கேனில் வாங்கி வைத்த டீசலில் தூசியும் நீரும் சேர்வது எளிது. எனவே பில்டரின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைக்கவும்; நீர் இருந்தால் அடியில் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதை வாரம் ஒருமுறை செய்வது நலம். அடுத்து, பம்புக்குச் செல்லும் குறைந்த அழுத்தக் குழாயில் சிறிதளவு ஒளி ஊடுருவும் ஓஸை இணைத்துப் பார்த்தால் காற்றுக் குமிழிகள் தெரியும். தெரிந்தால் இணைப்பில் எங்கேனும் ஒழுக்குண்டு. புதிய பில்டர் போட்டபின் கைப்பம்பு இறுகும்வரை அழுத்திக் காற்றை நீக்க வேண்டும். இவையெல்லாம் சரியாயிருந்தும் குறை தீராவிடில் மட்டுமே இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பும் டீசலை அளந்து பார்க்கவும், பம்பைச் சோதிக்கவும் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

பழைய இயந்திர பம்பு வண்டிகளில், என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. காமன் ரெயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யலாகாது. ஒழுகுமிடத்தைக் கையால் தடவிப் பார்ப்பதும் தவறு. அட்டைத் துண்டைக் காட்டியே அறிய வேண்டும். சீறும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் ஊசிக் குத்தளவே தோன்றினும், வலியில்லாவிடினும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலோ கையோ போய்விடும்.

சுருங்கக் கூறின், பில்டர், ஓஸ், கிளிப், ஒயர், தண்ணீர் ஆகிய ஐந்தையும் பார்த்து முடிக்குமுன் விலையுயர்ந்த எந்தப் பாகத்தையும் வாங்கலாகாது. இவ்வரிசையைக் கைக்கொள்ளும் குடியானவருக்குப் பட்டறைச் செலவு குறையும். சந்தைக்குரிய சரக்கும் காலத்தில் போய்ச் சேரும்.