அடுப்புப் புகையும் தொட்டில் குழந்தையும்

பேறுகாலம் முடிந்து தாயும் பிள்ளையும் வந்திருக்கும் வீட்டில், காலை பத்து மணி வாக்கில் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் கருவேல விறகோ பருத்திமாரோ எரிய, அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவார் பாட்டி. துவட்டி முடித்ததும் சாம்பிராணித் தட்டு வரும். தலை ஈரம் காயவும் சளி பிடிக்காமல் இருக்கவும் என்று குழந்தையைப் புகைக்கு மேலே காட்டுவோம். பாசத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் பிறந்து பத்து நாள்கூட ஆகாத அந்தப் பிள்ளை, ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வகைப் புகையைச் சுவாசித்து விடுகிறது.

காற்று மாசு என்றால் டெல்லியும், பெரிய தொழிற்சாலைகளும், நம் ஊர் வழியாக ராஜபாளையம் சாலையில் போகிற லாரிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. டி. கல்லுப்பட்டி போன்ற ஊரில் காற்று சுத்தம் என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. ஊருக்கு வெளியே வயல்காட்டில் நின்றால் அது ஓரளவு உண்மைதான். அடுப்படிக்குள் அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் விறகு, வறட்டி, கரி போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

இது எங்கோ ஆப்பிரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. புகைக்கும் பச்சைக் குழந்தைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று, மதுரை அரவிந்த் நிறுவனத்தின் மருத்துவர்களும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நடத்திய களப்பணியிலிருந்து வந்தது. டாக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லா உள்ளிட்டோர் 1998இல் தொடங்கிய அந்தப் பணியின் நோக்கம் வேறு. பிறந்த உடனே குழந்தைக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுத்தால் சிசு மரணம் குறையுமா என்று பார்க்கத்தான் தமிழ்நாட்டின் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிறப்புகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு குழந்தையையும் ஆறு மாதம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எதை எரித்துச் சமைக்கிறார்கள் என்பதையும் கூடவே குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்புதான் பின்னால் கை கொடுத்தது.

அந்தக் கணக்கை எடுத்து அலசி 2009இல் வெளியிட்டார்கள். மொத்தம் 11,728 குழந்தைகள். நூற்றுக்கு 92 வீடுகளுக்கு மேல் விறகோ வறட்டியோதான் முக்கிய எரிபொருள். அந்த வீடுகளில் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் ஆபத்து 49 சதவீதம் அதிகமாக இருந்தது. மூச்சு சம்பந்தமான நோய் 34 சதவீதம் அதிகம். ஆறு மாதத்துக்குள் குழந்தை இறந்துபோகும் ஆபத்து 21 சதவீதம் அதிகம். புகையில்லாத வீடுகளில் 100 குழந்தைகள் இறக்கும் இடத்தில், அதே எண்ணிக்கையுள்ள புகை வீடுகளில் 121 குழந்தைகள் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிழைத்த குழந்தைகளிலும் ஆறாம் மாதத்தில் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்களும், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்களும் புகை வீடுகளில்தான் அதிகம்.

விறகு எரிக்கிற வீடு பெரும்பாலும் ஏழை வீடு. குழந்தை நோஞ்சானாக இருப்பதற்குக் காரணம் புகையா வறுமையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்கள் அந்த வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டிய பிறகு வந்த எண்கள்தான் மேலே சொன்னவை. இருந்தாலும் இப்படிப்பட்ட கணக்கெடுப்பால் வறுமையையும் புகையையும் முழுக்கப் பிரித்துவிட முடியாது. அதனால்தான் பின்னால் இன்னொரு ஆய்வு தேவைப்பட்டது. அதற்கு வருமுன், புகை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

புகையில் கண்ணுக்குத் தெரிவது கரி. ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளில் இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் அவை. மூக்கு முடியிலும் சளியிலும் மாட்டாமல் நுரையீரலின் அடி அறைகள் வரை போய்த் தங்கும். இன்னும் நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். விறகு முழுதாக எரியாமல் புகையும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவும் வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். கர்ப்பிணி அடுப்பு ஊதும்போது, வயிற்றில் உள்ள பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டிய ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. தாய்க்குத் தலைவலியோடு போய்விடுவது, பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைவாக முடியலாம்.

பிறந்த பிறகும் குழந்தையின் நிலை பெரியவர்களைப் போல அல்ல. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பச்சைக் குழந்தை 40 முதல் 60 தடவை. அதன் உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட எவ்வளவோ அதிகமான காற்றை அது உள்ளே இழுக்கிறது. நுரையீரலோ இன்னும் வளர்ந்து முடியவில்லை. அம்மாவின் இடுப்பிலும் மடியிலுமே இருப்பதால் அம்மா சுவாசிக்கும் காற்றுதான் அதற்கும்.

அந்தக் காற்றை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் அளந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். விறகடுப்பு எரியும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்துகள் இருந்தது. ஒரு நாள் முழுவதும் சராசரி பார்த்தால் சமைப்பவருக்கு 231. அதே வீட்டில் சமைக்காதவருக்கு 90. எரிவாயுவில் சமைக்கும் வீடுகளில் எல்லோருக்கும் ஏறக்குறைய 82. இந்த ஒரு வரியில் நம் வீட்டுப் பெண்களின் கதையே இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்கிற ஆண் சுவாசிப்பதைப் போல இரண்டரை மடங்கு புகையை அவர்கள் சுவாசிக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் விடாத இருமல், இளைப்பு, கண்புரை என்று பின்னால் வருவதற்கும் இந்தப் புகை ஒரு காரணம்.

இனி அந்த இன்னொரு ஆய்வு. விறகடுப்பை மாற்றி எரிவாயு அடுப்பு கொடுத்தால் குழந்தை எடை கூடிப் பிறக்குமா என்று நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு இந்தியாவிலும் நடந்தது. இந்தியாவில் எடுத்துக்கொண்டது நம் மாநிலத்தின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள். நான்கு நாடுகளிலும் சேர்த்துச் சுமார் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு இலவச அடுப்பும், 18 மாதம் இலவச எரிவாயுவும். முடிவு 2022இல் வந்தது. எரிவாயு பெற்ற தாய்மார்கள் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராமிலிருந்து 24க்கு இறங்கிவிட்டது. ஆனால் குழந்தைகளின் எடை? எரிவாயு வீடுகளில் சராசரி 2,921 கிராம், விறகு வீடுகளில் 2,898 கிராம். அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே முடிவு. பின்னர் பார்த்தபோது கைக்குழந்தைகளுக்குக் கடுமையான நிமோனியா வருவதும் குறையவில்லை.

எதிர்பார்த்தது வராத ஆய்வை மறைத்துவிட்டு, நமக்குச் சாதகமானதை மட்டும் எழுதுவது சரியல்ல என்பதால் இதையும் சொல்கிறேன். இதை வைத்துப் புகையால் கெடுதலே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பெண்களுக்கு அடுப்பு கிடைத்தது மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள். அதற்கு முன் வந்த மாதங்களிலும், சிறுமியாக அடுப்படியில் உட்கார்ந்த காலத்திலிருந்தும் உள்ளே போன புகை போனதுதான். எடைக்குறைவுக்கு இரத்தசோகை, சத்துக்குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. அடுப்பை மட்டும் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தைத்தான் இந்த ஆய்வு உடைத்தது. முடிந்தவரை சீக்கிரம், கர்ப்பம் தரிக்கும் முன்பே புகை நிற்க வேண்டும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். தாய் சுவாசிக்கும் புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் சின்ன விஷயமல்ல.

புகையில்லா அடுப்பு என்ற பேச்சு நம் ஊருக்குப் புதிதும் அல்ல. தம் கடைசிக் காலத்தை நம் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்த ஜே.சி. குமரப்பா, அதற்கு முன் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். புகைபோக்கி வைத்த ‘மகன் சூல்ஹா’ அடுப்பு அந்தச் சங்கத்தின் முயற்சியில் வந்ததுதான். பிறகு 1983இல் மத்திய அரசே புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த அடுப்புகள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு ஒடிசாவில் இதே போன்ற அடுப்புகளை நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. முதல் ஆண்டில் புகை குறைந்தது. பிறகு புகைபோக்கியில் கரி அடைத்தது, சுத்தம் செய்ய ஆளில்லை, பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். குழாய் வைப்பது ஒரு நாள் வேலை. அதைத் தட்டிச் சுத்தம் செய்வது மாதா மாத வேலை.

எரிவாயுவிலும் இதே கதைதான். 2016 மே மாதம் உஜ்வலா திட்டம் தொடங்கியதிலிருந்து இணைப்பு இல்லாத வீடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் எந்தத் தெருவில் கேட்டாலும் டீ போடவும் குழம்பு சூடு பண்ணவும் கேஸ், சோறாக்கவும் வெந்நீர் போடவும் விறகு என்பார்கள். கருவேலம் சும்மா கிடைக்கிறது, சிலிண்டருக்குக் காசு வேண்டும்; அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் கேஸ் இருக்கிறது என்பதும், வீட்டில் புகை இல்லை என்பதும் ஒன்றல்ல. அதிக நேரம் எரிவது சோற்று அடுப்பும் வெந்நீர் அடுப்பும்தானே!

இந்த இடத்தில் நம் அறக்கட்டளை செய்யக்கூடியது ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். உதவி கேட்டு வரும் குடும்பத்தில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், அரிசி பருப்போடு சிலிண்டர் நிரப்பும் தொகையையும் சேர்த்துக் கொடுக்கலாம். கர்ப்பம் தெரிந்ததிலிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை என்று வைத்தாலும் பதினான்கு, பதினைந்து மாதம்தான். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்கள் 5 கிலோ சிறிய சிலிண்டரைக் கேட்டு வாங்கலாம். உஜ்வலா இணைப்பு வைத்திருப்பவர்கள் மானியம் தங்கள் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் இணைக்காமல் நின்றுபோன கணக்குகள் இருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பம் எழுதித் தருகிறோம்.

விறகைத் தவிர்க்கவே முடியாத வீடுகளில் வெந்நீர் அடுப்பையாவது கூரைக்கு வெளியே, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடத்தில் வையுங்கள். காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள். ஈர விறகுதான் அதிகம் புகையும். அடுப்புப் பற்றவைக்கப் பாலிதீன் பையையும் டயர் துண்டையும் போடுகிற பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள், அந்தப் புகை விறகுப் புகையைவிட மோசமானது. அடுப்பு எரியும் நேரத்தில் தொட்டிலும் குழந்தையும் வேறு அறையில், பாட்டியிடமோ அத்தாவிடமோ இருக்கட்டும். சாம்பிராணிக்குப் பதிலாகப் பருத்தித் துணியால் தலையை நன்றாகத் துவட்டினாலே ஈரம் போய்விடும். கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு சொல்கிறது. கொசுவலைதான் நல்லது.

ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய அடுப்பைப் பற்றியும் கேட்பீர்கள். திறந்த வெளியில், ஆண்டுக்கு ஒரு மாதம் எரிவதால் வீட்டு அடுப்பைப் போல அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தூக்குவாளியோடு வரும் சிறுபிள்ளைகள் அஸருக்குப் பிறகு அந்தப் புகையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். கஞ்சி ஊற்றிக் கொடுக்கும் இடத்தைப் பத்திருபது அடி தள்ளி வைத்தால் போதும்.

கடைசியாக, குழந்தைக்குச் சளி பிடித்தால் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரவானாலும் 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.