அசதி வேறு, சோம்பல் வேறு

முடக்குவாதம் வந்து எனக்கு ஆறு வருடம் ஆகிறது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தூக்கம்தான் பெரும்பாடு. நடுராத்திரி இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டிவிடும். பகலில் களைக்கொத்தைத் தூக்க முடியாத அசதி. "எப்பப் பாத்தாலும் படுத்துக்கிறாரு"ன்னு வீட்டிலேயே பேச்சு. மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் வயலைச் சிலந்தியும் பொறிவண்டும் காப்பதுபோல, மூளைக்கும் சொந்தக் காவலர்கள் உண்டு. மைக்ரோகிளியா என்று பெயர். 1919-ல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்டேகா இவற்றைத் தனி வகை செல்லாக அடையாளம் காட்டினார். இவை மெல்லிய கைகளை நீட்டி அக்கம்பக்கம் துழாவிக்கொண்டே இருக்கும். கிருமியோ சிதைந்த செல்லோ அகப்பட்டால் விழுங்கிவிடும்.

காய்ச்சல் கண்ட மாட்டைப் பார்த்திருப்பீர்கள். தீனி எடுக்காது, ஒதுங்கிப் படுத்துவிடும். அதைச் சோம்பேறி மாடு என்போமா? உடம்பில் அழற்சி வந்ததும் ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குச் சேதி போகிறது. உடனே மைக்ரோகிளியா, இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற பொருள்களைச் சுரக்கிறது. இவை தூக்கத்தை வரவழைப்பவை. நாலு நாள் காய்ச்சலுக்கு இது நல்ல ஏற்பாடு. படுத்து எழுந்தால் உடம்பு தெளிந்துவிடும்.

முடக்குவாதம் போன்ற நாள்பட்ட நோயிலோ அந்தச் சேதி ஓய்வதே இல்லை. பகலெல்லாம் அசதி, இரவில் துண்டு துண்டான தூக்கம். தூக்கம் கெட்டால் மைக்ரோகிளியா மேலும் உசுப்பப்படுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். மனிதரிடம் இதை இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். நோய் தூக்கத்தைக் கெடுக்க, தூக்கக்கேடு நோயைக் கிளப்ப, செக்குமாட்டுச் சுற்றுதான்.

இதில் என் தப்பும் உண்டு. இயற்கை விவசாயிக்கு எதுக்கு மாத்திரைன்னு நடுவில் நிறுத்தினேன். மூட்டு வீங்கி, இருந்த தூக்கமும் போச்சு. இப்போது மருத்துவர் சொன்னபடி விடாமல் சாப்பிடுகிறேன். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் போட மகன் போகிறான். மூடாக்கு போட்டதில் தண்ணீர் கட்டும் முறையும் குறைந்திருக்கிறது. பொழுது சாய்ந்தபின் டீ கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து காலை வெயிலில் தோட்டத்தைச் சுற்றுகிறேன். நோய் போய்விடவில்லை, ஆனால் நாலு மணி வரை தூங்குகிறேன்.

உங்கள் வீட்டிலும் நாள்பட்ட நோயாளி இருந்தால், பகலில் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். இரவில் தூங்கினாரா என்று கேளுங்கள்.