சர்க்கரை நோய்: முதல் மூன்று மாதங்களில் கவனிக்க வேண்டியது என்ன?

என் மச்சானுக்கு வயது 43. காலில் பட்ட சிறு காயம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனார். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 238 இருந்தது. அன்று இரவே அவருக்கு வீட்டில் சோறு நின்றுவிட்டது. காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவில் பட்டினி. பத்து நாளில் 142-க்கு இறங்கியது. "அதான் குறைஞ்சிடுச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்று அவராகவே நிறுத்திவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பட்டினியும் தாங்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எச்பிஏ1சி 10.2.

புதிதாகச் சுகர் வந்தவர்களில் பலர் இந்த வழியில்தான் போகிறார்கள். முதலில் பயம், பிறகு கடும் பத்தியம், எண் குறைந்ததும் அலட்சியம்.

வெறும் வயிற்றுச் சோதனை அன்று காலை நிலவரத்தை மட்டுமே சொல்லும். இரண்டு நாள் வாயைக் கட்டினால் அந்த எண் இறங்கிவிடும். எச்பிஏ1சி அப்படியல்ல. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 7 என்றால் சராசரி 154, 10 என்றால் 240. பெரும்பாலோருக்கு இது 7-க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. முதியவர்களுக்கு டாக்டர் இதைச் சற்றுத் தளர்த்துவார்.

"ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படி ஏறியது?" என்று பலர் கேட்பதுண்டு. நாம் தூங்கும்போது உடலுக்குத் தேவையான சர்க்கரையைக் கல்லீரல்தான் ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, அது அளவுக்கு மீறி விட்டுக்கொண்டே இருக்கும். இரவுப் பட்டினியால் இதைச் சரிசெய்ய முடியாது. பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை கல்லீரலின் இந்த வேலையைத்தான் மட்டுப்படுத்துகிறது. தொடக்கத்தில் வயிற்றைப் புரட்டலாம், பேதியாகலாம். சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும். பழகாவிட்டால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், நாமாக நிறுத்தக் கூடாது.

அளவு மிக அதிகமாக இருந்தால் ஆரம்பத்திலேயே இன்சுலின் ஊசி போடச் சொல்வார்கள். "ஊசி போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டும்" என்ற பயம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. உண்மையில் அளவு கடந்த சர்க்கரையே கணையத்தைச் சோர்வடையச் செய்துவிடுகிறது. சில வாரம் ஊசி போட்டுக் குறைத்தால் கணையம் ஓரளவு தேறும். அதன்பின் மாத்திரைக்குத் திரும்புபவர்கள் பலர். (ஒல்லியாக இருந்து, வேகமாக எடை குறையும் இளவயதினரின் கதை வேறு. அது முதல் வகையாக இருந்தால் இன்சுலின் இல்லாமல் முடியாது.)

தொடக்க காலத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், புதிதாக இரண்டாம் வகைச் சர்க்கரை கண்டறியப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். ஆய்வு முடிந்த ஓராண்டிலேயே, தீவிரமாகக் கட்டுப்படுத்திய குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் இடையே சர்க்கரை அளவில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனாலும் தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, பத்தாண்டுகள் கழித்தும் கண், சிறுநீரகப் பாதிப்புகளும் மாரடைப்பும் குறைவாகவே இருந்தன. 2008-ல் வெளியான முடிவு இது.

இனி சாப்பாடு. சப்பாத்திக்கு மாறிவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. கோதுமையும் மாவுச்சத்துதான், எண்ணிக்கைதான் முக்கியம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதிக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ இருக்கட்டும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பழமாகச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம். கல்யாண வீட்டுப் பிரியாணியை முழுக்க விலக்கவும் வேண்டாம். சோற்றைக் குறைத்துக் கறியையும் வெள்ளரியையும் கூட்டிக்கொண்டு, பிறகு பதினைந்து நிமிடம் நடந்தால் வித்தியாசம் மீட்டரிலேயே தெரியும். நடக்கும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மாறாக, 300-க்கு மேலேயே நிற்கிறது, கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மயக்கம் என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ரமளான் நெருங்கினால் ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்களின் பரவலான கருத்து. 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது.

மச்சான் மீண்டும் மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம், பார்வை மங்குகிறது என்று பதறினார். உயர்ந்திருந்த சர்க்கரை இறங்கும்போது கண் லென்ஸில் நீரளவு மாறுவதால் இப்படி ஆகும். புதுக் கண்ணாடி வாங்காமல் சில வாரம் பொறுக்கச் சொன்னார் டாக்டர், தானாகத் தெளிந்தது. விழித்திரைச் சோதனையை மட்டும் தள்ளிப்போட விடவில்லை. சர்க்கரை தெரிந்தவுடனேயே அது ஒருமுறை, சிறுநீரில் புரதம் ஒருமுறை, பாதங்கள் ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். காலில் இருந்த அந்தப் புண்ணும் இப்போது ஆறிவிட்டது.