விளக்கம்: புது எஸ்எம்பிஎஸ், பழைய கேபிள்... ஒரே நொடியில் ஹார்ட் டிஸ்க் காலி! கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்க கவனிக்க வேண்டியது என்ன?

வீட்டில் அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர். எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு. புதுசு வாங்கி வந்து மாட்டுறீங்க. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பழைய பவர் கேபிள், கேபினட்டுக்குள் ஏற்கெனவே அழகா கட்டி வெச்சிருக்கு. 'இதை எதுக்கு அவிழ்க்கணும்'னு நினைச்சு, அதே கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகுறீங்க. கச்சிதமா உட்காருது. சுவிட்சைப் போட்டதும் லேசா ஒரு கருகல் வாசனை. அவ்ளோதான்... கல்யாண ஆல்பமும் குழந்தையின் முதல் வீடியோவும் இருந்த ஹார்ட் டிஸ்க் காலி.

பிராசஸர் போனால் வேறு வாங்கலாம். ரேம் போனாலும் வாங்கலாம். ஹார்ட் டிஸ்க்கைக்கூட வாங்கிடலாம். அதற்குள் இருந்ததை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆனாலும் கிராபிக்ஸ் கார்டுக்குப் பத்து நாள் யோசிக்கிற நாம், ஹார்ட் டிஸ்க்கையும் கேபிளையும் 'கடைசியில பார்த்துக்கலாம்'னு விட்டுடறோம். எதை வாங்கணும், எந்த கேபிளை எங்கே மாட்டணும்? பார்க்கலாம் வாங்க.

எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா?

விண்டோஸும் தினமும் திறக்கும் சாஃப்ட்வேர்களும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். போட்டோ, வீடியோ, பழைய ஃபைல்கள் என இடத்தை அடைப்பவை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். ஒரு டிபிக்கு ஆகும் செலவு இன்றைக்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான் குறைவு.

வேகத்தைப் பார்ப்போம். 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 முதல் 250 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 எம்பி. பிசிஐஇ 3.0 வகை என்விஎம்இ எஸ்எஸ்டி சுமார் 3,500 எம்பி, 4.0 வகை சுமார் 7,000 எம்பி வரை போகும்.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். ஆனால் 3,500-ல் இருந்து 7,000-க்குப் போனால், பிரவுசிங், ஆபீஸ் வேலை செய்கிறவர்களுக்குப் பெரிசா எதுவும் தெரியாது. அந்தக் காசுக்குக் கொள்ளளவு கூடுதலான எஸ்எஸ்டி வாங்குவது புத்திசாலித்தனம்.

'எம்.2' என்றாலே என்விஎம்இ இல்லை

சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் குட்டி எஸ்எஸ்டிதான் எம்.2. அது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் வரும், என்விஎம்இ எஸ்எஸ்டியும் வரும். பெரும்பாலும் சாட்டா வகையின் தங்க முனையில் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இ வகையில் ஒரு வெட்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எஸ்எஸ்டியை மாட்டினால், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சில மதர்போர்டுகளில், குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் தானாக செயலிழந்துவிடும். 'நேத்து வரைக்கும் ஓடுன ஹார்ட் டிஸ்க்கைக் காணோமே' என்று பதறுவதற்கு முன், மதர்போர்டு மேனுவலைப் பாருங்க. எந்த ஸ்லாட் எந்த போர்ட்டை முடக்கும் என்று அதிலேயே போட்டிருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

'இது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா?' கடைக்காரரிடம் இதைக் கேளுங்க.

ஓட்டு வீட்டுக் கூரையைப் பார்த்திருப்பீங்க. ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். எஸ்எம்ஆர் வகையில் டேட்டா தடங்கள் அப்படித்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால் அதே வட்டில் கூடுதல் டேட்டா அடங்கும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்றணும்னா மேலே இருப்பதையும் எடுத்து மறுபடி அடுக்கணும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும். ஏற்கெனவே எழுதிய இடத்தில் திரும்பத் திரும்ப எழுதும்போது வேகம் படுத்துவிடும். சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியாக இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

எப்போதாவது பேக்கப் எடுத்து வைக்க எஸ்எம்ஆர் போதும். வீடியோ எடிட்டிங், நாஸ் போன்ற வேலைகளுக்கு சிஎம்ஆர்தான் சரி. 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது வெளியே சொல்லப்படாமல் இருந்தது பெரிய சர்ச்சையானது. அதன்பிறகு அந்த நிறுவனம் எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் வெளியிட்டது. அதனால் பெட்டியில் இருக்கும் விளம்பரத்தை விட, மாடல் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்ப்பதே நல்லது.

டேட்டா கேபிள்: விலை அதிகம் என்றால் வேகம் அதிகமா?

இல்லை. சாட்டா டேட்டா கேபிளில் 7 பின்கள். ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க் மட்டுமே. '6 ஜிபிபிஎஸ்' என்று அச்சடித்த கேபிளுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்க அவசியமில்லை, தரமான பழைய கேபிளிலேயே அந்த வேகம் வரும். கவனிக்க வேண்டியவை மூன்று. நீளம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு முனையிலும் உலோக லாக் இருந்தால் கழன்று வராது. கேபினட் மூடியை அழுத்தி மூடும்போது கேபிள் முனை மடங்கக் கூடாது.

பவர் கேபிள்: இங்கேதான் ஆபத்து

டிஸ்க் பக்கம் மாட்டும் 15 பின் முனை உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில், எஸ்எம்பிஎஸ் பக்கம் மாட்டும் முனைக்குப் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வயர்களை வரிசைப்படுத்தியிருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே வரிசை மாறலாம்.

முனை பொருந்துகிறது என்பதால் உள்ளே வயரும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. 5 வோல்ட் வர வேண்டிய வயரில் 12 வோல்ட் வந்தால் டிஸ்க்கின் சர்க்யூட் தாங்காது. முதலில் சொன்ன கருகல் வாசனைக்குக் காரணம் இதுதான்.

அதனால் விதி ஒன்றே ஒன்று: எஸ்எம்பிஎஸ் மாறினால் எல்லா கேபிளும் மாறணும். மிச்சமிருக்கும் கேபிள்களை ஒரு கவரில் போட்டு, எந்த மாடல் எஸ்எம்பிஎஸ்ஸோடது என்று மார்க்கரில் எழுதி வையுங்க. யாராவது 'என்கிட்ட ஒரு கேபிள் சும்மா கிடக்கு, வெச்சுக்கோ'ன்னு கொடுத்தால் வாங்காதீங்க.

போர்ட் பத்தவில்லை என்று ஸ்பிளிட்டர் போடுபவர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஆக, ஒரு முனையில் இருந்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கு மேல் பிரிக்கக் கூடாது. மோலெக்ஸில் இருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு அடாப்டர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தவிர்த்துவிடுங்க. உள்ளே வயர்கள் ஒட்டிக்கொண்டு தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

டிஸ்க்கைக் காணோமா? உடனே தூக்கிப் போடாதீங்க

புது டிஸ்க் என்றால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதை இனிஷியலைஸ் செய்தால்தான் கண்ணில் படும். அப்போது ஜிபிடி என்பதைத் தேர்வு செய்யுங்க. எம்பிஆர் என்று கொடுத்தால் சுமார் 2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவது மோசடி இல்லை. நிறுவனம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது.

ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் திணறினால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்க. சாட்டா டிஸ்க்குகளில் 'சி7' என்ற வரியின் எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் பிரச்னை டேட்டா கேபிளில்தான். கேபிளை மாற்றிப் பாருங்க, செலவு கொஞ்சம்தான். ஹார்ட் டிஸ்க்கில் '05', 'சி5' வரிகள் ஏறினால் டிஸ்க்கே பழுதாகிறது என்று அர்த்தம். அன்றைக்கே டேட்டாவை வேறு இடத்துக்கு மாத்திடுங்க. புதுசு என்று வாங்கிய டிஸ்க்கில் 'ஓடிய மணி நேரம்' ஆயிரக்கணக்கில் காட்டினால், அது யாரோ பயன்படுத்தியது.

ஒருவேளை கருகிடுச்சுன்னா? திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. ஹார்ட் டிஸ்க்கில் சர்க்யூட் போர்டு மட்டும் போயிருந்தால், வட்டில் இருக்கும் டேட்டாவை நிபுணர்கள் மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு ஆகும் செலவு, டிஸ்க்கின் விலையை விடப் பல மடங்கு இருக்கலாம். வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் போட்டோவுக்கு இல்லை.

அதனால் டிஸ்க் வாங்கும் பட்ஜெட்டிலேயே இன்னொரு டிஸ்க்குக்கும் இடம் வையுங்க. ஒரே கேபினட்டுக்குள் இரண்டு டிஸ்க் இருந்தால் அது பேக்கப் ஆகாது. தப்பான ஒரு கேபிள் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோயிடும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டு, அப்புறமா கேபினட்டைத் திறங்க.