தொழிலுக்கு ஒருவர்

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கமான கொல்கத்தா ரோட்டரி சங்கம் 1919இல் ஆர். ஜே. கூம்ப்ஸின் முயற்சியால் உருவாகி, 1920 ஜனவரி 1 அன்று பன்னாட்டுத் தலைமையின் அங்கீகாரப் பட்டயத்தைப் பெற்றது. சிகாகோவில் 1905இல் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் நண்பர் மூவருடன் தொடங்கிய கூட்டம், உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று நடந்ததால் சுழற்சியைக் குறிக்கும் ‘ரோட்டரி’ என்ற பெயரைப் பெற்றது.

ரோட்டரி சங்கத்தில் விண்ணப்பம் அளித்துக் கட்டணம் செலுத்தினால் மட்டும் எவரும் உறுப்பினராகிவிட முடியாது; ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஒருவர் பெயரை முன்மொழிய, நிர்வாகக் குழு அதனை ஏற்று, மற்றவர்கள் மறுப்புத் தெரிவிக்கவும் இடமளித்த பின்னரே அழைப்பு விடுக்கப்படும். அவ்வழைப்பை நெறிப்படுத்துவது ‘தொழில் வகைப்பாடு’ எனப்படும் முறை. ஒரு சங்கத்தில் ஒரு தொழிலின் சார்பில் ஒருவரே இருக்கலாம் என்ற அதன் பழைய விதி, பின்னாளில் எந்தத் தொழிலும் சங்கத்தில் மேலோங்கிவிடக் கூடாது என்ற அளவுக்குத் தளர்ந்தது. இதன் தொடக்கத்தில் வணிக நோக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, ஏனெனில் சிகாகோவின் முதல் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளராக இருப்பதையே பெரும்பயனாகக் கருதினர். ஆயினும் மருத்துவர், அச்சக உரிமையாளர், கணக்காய்வாளர், சரக்கு வண்டி வைத்திருப்பவர் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமரும்போது, ஒரு கண் சிகிச்சை முகாமுக்குத் தேவையான பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. பணத்தைக் காட்டிலும் இந்தத் திறன்களின் சேர்க்கையே சங்கத்தின் உண்மையான மூலதனம். ரோட்டரியின் விதிகளின்படி பெண்களுக்கு மட்டும் 1989 வரை இம்மேசையில் இடமில்லாதிருந்தது.

ரோட்டரி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அன்று சங்கத்தலைவர் முதல் உலகத்தலைவர் வரை அனைவரும் மாறுகின்றனர். ஆசியாவிலிருந்து முதன்முதலாக உலகத்தலைவரான கொல்கத்தாவின் நிதீஷ் லாஹரி 1962-63லும், கொல்கத்தா மகாநகர் சங்கத்தின் சேகர் மேத்தா 2021-22லும் இந்த ஓராண்டு வரம்புக்கு உட்பட்டே பணியாற்றினர். பதவியை எவரும் சொந்தமாக்கிக் கொள்ளாமல் தடுக்கும் இவ்விதியே, ஒவ்வொரு புதிய தலைவரும் தம் பெயரில் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்க, முந்தையவருடையது கவனிப்பாரற்றுப் போவதற்கும் காரணமாகிறது.

இக்குறைக்கு விலக்காக நிற்பது போலியோ ஒழிப்பு. 1985இல் தொடங்கிய ‘போலியோ பிளஸ்’ திட்டம் தலைவர்கள் பலர் மாறியும் கைவிடப்படவில்லை. கொல்கத்தாவை அடுத்த ஹௌரா மாவட்டத்தில் 2011 ஜனவரி 13 அன்று நோயுற்ற பெண் குழந்தையே, இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இளம்பிள்ளை வாதம் கண்ட நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது.

பணத்தைப் பொறுத்தவரை, சங்கத்தின் நிர்வாகக் கணக்கும் அறப்பணிக் கணக்கும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி: உறுப்பினர் சந்தா கூட்டச் செலவுக்கும் பன்னாட்டுத் தலைமைக்கான தலைவரிக்கும் போகும், பொதுமக்களிடம் அறப்பணிக்கெனத் திரட்டியது அறப்பணிக்கே போகும். இதற்கு அப்பால், ரோட்டரியின் அன்றைய தலைவர் ஆர்ச் கிளம்ப் 1917இல் முன்மொழிந்த அறநிதியிலிருந்து வளர்ந்த ரோட்டரி அறக்கட்டளைக்கும் உறுப்பினர்கள் கொடுக்கின்றனர். அதன் ஆண்டு நிதிக்குச் செல்லும் தொகை 3 ஆண்டுகள் முதலீட்டில் வைக்கப்பட்டு, பிறகு ஏறத்தாழப் பாதி, கொடுத்த சங்கங்கள் அடங்கிய ‘மாவட்டத்துக்கு’ (அரசு மாவட்டம் அன்று, பல சங்கங்களின் தொகுப்பு, கொல்கத்தாவுக்கு அது 3291) அதன் விருப்பப்படி செலவிடத் திரும்பி வருகிறது, ஏறத்தாழ அதே அளவு உலக நிதியில் சேர்கிறது. குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள ‘உலகளாவிய மானியம்’ வேண்டுமாயின், பணி நடக்கும் ஊரின் சங்கமும் வேறொரு நாட்டுச் சங்கமும் இணைந்தே விண்ணப்பிக்க வேண்டும். இரு நாட்டுக் கண்கள் ஒரே கணக்கைப் பார்ப்பது நல்ல காவல். 1,000 டாலர் கொடுத்தவருக்குப் பால் ஹாரிஸ் பெயரால் சட்டையில் அணியும் சின்னம் ஒன்று வழங்கப்படுகிறது; மனித இயல்பை அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடுதான் அது.

ரோட்டரி ஆயினும் வேறு சங்கம் ஆயினும், நன்கொடை கேட்டு வருவோரிடம் வாசகர்கள் முதலில் கேட்க வேண்டியது, தாம் தரும் தொகை நிர்வாகக் கணக்கு, அறப்பணிக் கணக்கு ஆகிய இரண்டில் எதில் வரவு வைக்கப்படும் என்பதையே.