நாமினி கட்டத்தில் யார் பெயர்?

தன்பாலினத் திருமணம் கேட்பது 'நகர்ப்புற மேட்டுக்குடிப் பார்வை' என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது ஒன்றிய அரசு. அப்படிச் சொல்ல அரசிடம் தரவு எதுவும் இல்லை என்றார் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட். டி.வி. விவாதங்களோ மதம், கலாசாரம் என்றே சுற்றின. இந்தச் சட்டச் சிக்கல் யாரை அதிகம் சுடும் என்று பார்க்க, கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற ஒரு தொழிற்பேட்டைக்குப் போனால் போதும்.

இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் நிறைந்த இடம் அது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமத்தவர்களும் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு, பி.எஃப். பிடித்தமும் உண்டு. பலருக்குச் சேமிப்பு, காப்பீடு, ஆஸ்பத்திரி எல்லாமே இந்த இரண்டும்தான். வேலையில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: நாமினி பெயர், உறவுமுறை.

ஒரு பேச்சுக்கு இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒரே கம்பெனி, ஒரே வாடகை வீடு, சீட்டுகூடச் சேர்ந்தே கட்டுகிறார்கள். வாழ்க்கைத்துணையாகவே வாழ்கிறார்கள். ஒருத்தியின் பெற்றோர் அவளை நம்பி இருந்தால், பி.எஃப். கணக்கில் அவளுக்குக் 'குடும்பம்' உண்டு. குடும்பம் இருப்பவர் வெளியாள் பெயரைப் போட்டால் நாமினேஷன் செல்லாது. பி.எஃப்.போடு ஒட்டி வரும் காப்பீட்டுத் தொகை, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய், அதுவும் துணைக்குப் போகாது. ஈ.எஸ்.ஐ. கார்டில் கணவர் பெயரைச் சேர்க்கலாம், இவளைச் சேர்க்க முடியாது. வேலையில் விபத்து நேர்ந்து ஒருத்தி இறந்துபோனால், சார்ந்தோருக்கான மாதாந்திர உதவித்தொகையிலும் மற்றவளுக்கு இடமில்லை.

வசதியுள்ளவர்கள் வக்கீல் வைத்து உயில் எழுதலாம், கூட்டாக ஃபிளாட் வாங்கலாம், தனியார் இன்சூரன்ஸ் எடுக்கலாம். மில் தொழிலாளியின் பணத்துக்கு வாரிசு யார் என்பதையோ அரசு வகுத்த விதிதான் தீர்மானிக்கிறது. அப்படியானால் திருமணச் சான்றிதழின் தேவை மேட்டுக்குடியைவிட இவர்களுக்குத்தான் அதிகம்.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்று ஒருமனதாகச் சொன்னது. திருமணம் அல்லாத இணைவுக்குச் சட்ட அங்கீகாரமும் 3-2 என்ற கணக்கில் கிடைக்காமல் போனது. ஆனால் பெரும்பான்மைத் தரப்பில் எழுதிய நீதிபதி ரவீந்திர பட், மணமானவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் பணப்பலன்களால் தன்பால் இணையர் பாதிக்கப்படுவதை ஒப்புக்கொண்டார். இதை ஆராய அமைச்சரவைச் செயலர் தலைமையில் 2024-இல் குழு அமைந்தது. அதே ஆண்டு, இணையரை ரேஷன் கார்டில் ஒரே வீட்டாராகக் கருதலாம், கூட்டு வங்கிக் கணக்குக்கும் தடையில்லை என்று ஒன்றிய அரசே அறிவித்தது. அரிசிக்கு ஒரே குடும்பம் என்றால் பி.எஃப்.புக்கு மட்டும் ஏன் இல்லை?

தமிழ்நாட்டுக்கு இது புதிய சண்டை அல்ல. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரறிய வாழ்ந்த தம்பதிகள் சட்டத்தின் கண்ணில் தம்பதிகளே அல்ல என்றானது. அண்ணா ஆட்சியில் 1967-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. வாழ்க்கை முந்திக்கொண்டது, சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

இப்போதும் உயர் நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. இணையர் தங்களுக்குள் செய்துகொள்ளும் குடும்ப இணைப்புப் பத்திரத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்யலாமே என்று 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மாநில அரசிடம் கேட்டார். குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு சொன்னது.

திருமணம் வேண்டுமா வேண்டாமா என்று நாடாளுமன்றம் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் பேசட்டும். பி.எஃப். திட்டத்தில் 'குடும்பம்' யார் என்ற விளக்கத்தைத் திருத்த அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொழிலாளர் அமைச்சகமே அறிவிக்கை வெளியிட்டுச் செய்யலாம். தொழிலாளி வியர்வை சிந்திச் சேர்த்த பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தொழிலாளியே எழுதட்டும். தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கைக்கு அடுத்த வரியில் இதையும் சேர்க்கலாம்.